பசங்களுக்கு அபாரிஜினல் வரலாறு எப்படி சொல்லித் தர்றது? சிட்னி தமிழ் அம்மா அப்பாங்க அடிக்கடி கேட்கற கேள்விகள்

நாங்க வெஸ்டர்ன் சிட்னில பத்து வருஷத்துக்கு மேல இருக்கோம், பொண்ணு இயர் 5, பையன் இயர் 1. சனிக்கிழமை தமிழ் ஸ்கூல் வாசல்ல பசங்களுக்காக நிக்கும்போது மத்த அம்மா அப்பாங்க கேட்டது, என் பொண்ணே கேட்டு நான் பதில் தெரியாம முழிச்சு அப்புறம் தேடிப் படிச்சது, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். நான் அபாரிஜினல் (ஆஸ்திரேலியாவோட பூர்வகுடி) இல்ல, அவங்க சார்பா பேசல, நம்ம வீட்டுல நம்ம பசங்க கிட்ட நாம எப்படி பேசலாம்ங்கறது மட்டும் தான் இது.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

மூணு வயசுலயே ஆரம்பிச்சாச்சு, நமக்குத் தான் தெரியல. டேகேர்ல காலைல வட்டமா உட்கார வெச்சு இது தருக் மக்களோட நிலம், அவங்களுக்கு நன்றின்னு சொல்ல வைக்கறாங்க இல்ல, அது தான் ஆரம்பம். வீட்டுக்கு வந்து "தருக்னா யாரு"ன்னு கேட்டா "ஸ்கூல்ல கேளு"ன்னு அனுப்பாதீங்க, நம்ம வெஸ்டர்ன் சிட்னி நிலத்தோட அபாரிஜினல் மக்கள்னு சொல்லுங்க.

ஒரே ஒரு விஷயம் முதல்லயே பழகிக்கங்க. "முன்னாடி இங்க ஒரு மக்கள் இருந்தாங்க"ன்னு சொல்லாதீங்க. "இருக்காங்க"ன்னு சொல்லுங்க. தமிழ்ல ரெண்டு எழுத்து தான் வித்தியாசம், ஆனா குழந்தை மனசுல ரெண்டும் வேற வேற. "இருந்தாங்க"ன்னா டைனோசர் மாதிரி ஆயிடும். 2021 சென்சஸ்ல 8 லட்சத்துக்கும் மேல பேர் தன்னை அபாரிஜினல் இல்லன்னா டோரஸ் ஸ்ட்ரெய்ட் ஐலண்டர்னு (வடக்கு நுனித் தீவுகளோட மக்கள்) பதிஞ்சிருக்காங்க, அதுல நிறைய பேர் நம்ம பிளாக்டவுன் பக்கமே தான் இருக்காங்க, உங்க பையனோட கிளாஸ்லயே இருக்கலாம்.

எங்க இருந்து ஆரம்பிக்கறது? உலுருவா, பூமராங்கா?

ரெண்டும் வேணாம். உங்க தெருவுல இருந்து ஆரம்பிங்க. உலுருங்கற பெரிய சிவப்புப் பாறை இங்க இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல, அங்க ஆரம்பிச்சா இது ஏதோ தூரத்து பாலைவனக் கதைன்னு பசங்க நினைச்சுக்கறாங்க.

பரமட்டான்னா என்ன? புர்ரான்னா விலாங்கு மீன். விலாங்கு இருக்கற இடத்து மக்கள் புர்ரமட்டகல். பரமட்டா ஃபுட்டி டீமுக்கு ஈல்ஸ்னு ஏன் பேருன்னு என் பொண்ணுக்கு இதைச் சொன்னப்ப தான் புரிஞ்சுச்சு, அன்னிக்கு முழுக்க அப்பா கிட்ட அதையே சொல்லிட்டு இருந்தா. டிங்கோ, வாலபி, வோம்பட், கோலா எல்லாமே சிட்னி பக்கத்து மொழியோட வார்த்தைங்க தான். கங்காரு மட்டும் தூரத்துல குயின்ஸ்லாந்துல குகு யிமித்திர் மக்கள் கிட்ட இருந்து 1770-ல வந்துச்சு.

அப்புறம் பெமுல்வுய். பெண்டில் ஹில், கிராவீன் பக்கத்துல பெமுல்வுய்னு ஒரு சபர்பே இருக்கு, நம்மாளுங்க நிறைய பேர் அங்க வீடு வாங்கியிருக்காங்க, ஆனா அது ஒரு மனுஷரோட பேருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பிட்ஜிகல்ங்கற அபாரிஜினல் குலத்து வீரர். 1788-ல பிரிட்டிஷ் கப்பல் 11 வந்து இறங்கி, நிலத்தை எடுத்து, ஆத்தங்கரைய எடுத்து, கிழங்கு தோண்டற இடத்துல சோளம் போட்டதும் 1790-ல இருந்து பன்னெண்டு வருஷம் எதிர்த்து நின்னார். 1797 மார்ச்ல டூங்காபி அரசாங்கப் பண்ணைய தாக்கி, அப்புறம் பரமட்டா ஊருக்குள்ளயே நேருக்கு நேர் சண்டை போட்டார், உடம்புலயும் தலையிலயும் ஏழு குண்டு, செத்துருவார்னு தான் நினைச்சு ஆஸ்பத்திரில போட்டாங்க, கால்ல விலங்கோட தப்பிச்சுப் போயிட்டார். 1802 ஜூன்ல சுட்டுக் கொன்னு, தலைய வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. அந்தத் தலை எங்க இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல, அவர் மக்கள் இன்னும் கேட்டுட்டே தான் இருக்காங்க. (தலை சமாச்சாரம் எட்டு ஒன்பது வயசுக்கு அப்புறம் சொல்லுங்க.)

நான் சிவகங்கை பக்கத்துக்காரி. எங்க அப்பத்தா மருது பாண்டியர் கதை சொல்லி வளர்த்தவங்க. இந்த வருஷங்கள வரிசையா எழுதிப் பாத்தப்ப எனக்குச் சிலிர்த்துப் போச்சு. கட்டபொம்மனை கயத்தாறுல தூக்குல போட்டது 1799. மருது சகோதரர்களை திருப்பத்தூர்ல தூக்குல போட்டது 1801. பெமுல்வுய் 1802. மூணு வருஷத்துக்குள்ள, அங்கயும் வந்தவன் பிரிட்டிஷ்காரன், இங்கயும் அவனே தான். இதை ஒரு சார்ட் பேப்பர்ல ரெண்டு பக்கமா எழுதி பொண்ணோட ரூம் சுவத்துல ஒட்டி வெச்சோம். கட்டபொம்மன் யாருன்னு தெரிஞ்ச குழந்தைக்கு பெமுல்வுய் யாருன்னு அதுக்கு மேல விளக்கவே வேண்டாம்.

தமிழ்ல அவங்கள என்னன்னு சொல்றது? ஆதிவாசின்னு சொல்லலாமா?

வீட்டுல பெரியவங்க "காட்டுவாசி"ன்னு சொன்னா உடனே நிறுத்துங்க, அது வசவு. "ஆதிவாசி", "பழங்குடி" ரெண்டும் தப்பில்ல, ஆனா அத கேட்டதும் நம்ம மனசுல இந்தியாவுல பாத்த வேற ஒரு படம் வந்துடும். நான் அபாரிஜினல் மக்கள்னே சொல்றேன், முடிஞ்சா அந்தந்த மக்களோட பேர், தருக், விராஜுரி, கமிலராய்ன்னு. 1788-ல 250-க்கும் மேல தனித்தனி மொழி இருந்துச்சு, எல்லாரையும் ஒரே பேர்ல கூப்பிடறது தமிழன், பஞ்சாபி, வங்காளி எல்லாரும் ஒண்ணுன்னு சொல்ற மாதிரி. பழைய இங்கிலீஷ் புக்ல வர்ற "அபாரிஜினி"ங்கற வார்த்தை வேண்டாம், அத அவங்க விரும்பறதில்ல. டோரஸ் ஸ்ட்ரெய்ட் தீவு மக்கள் வேற, அவங்களுக்குத் தனிக் கொடியே இருக்கு.

"அந்தப் பையன் வெள்ளையா இருக்கானே, அவன் எப்படி அபாரிஜினல்?"

என் பொண்ணு கேட்டா, சத்தமா, பஸ்ல. நிறம் வெச்சு இல்ல, குடும்பம் வெச்சுன்னு சொன்னேன். உன் சித்தப்பா பொண்ணு உன்னைய விட கலரா இருக்கா, அவ நம்ம வீட்டுப் பொண்ணு இல்லையா? அவ்ளோ தான். பாதி, கால்னு ரத்தத்த அளந்து பேசற பழக்கம் அரசாங்கம் குழந்தைங்கள பிடுங்கறதுக்கு உபயோகிச்சது, அந்தப் பேச்சு நம்ம வாயில வரவே கூடாது.

ட்ரீமிங்னா என்ன? கனவா?

இல்ல. அபாரிஜினல் மக்களோட படைப்புக் கதைங்களுக்கும் நம்பிக்கைங்களுக்கும் இங்கிலீஷ்காரங்க செஞ்ச மொழிபெயர்ப்பு அது, அத வெச்சு நாமளும் "கனவுக்காலம்"னு எழுதினா இன்னும் தூரமாப் போயிடும். நான் பசங்களுக்கு குலசாமி வெச்சு தான் சொல்றேன். எங்க குலசாமி கோயில் ஒரு கண்மாய்க் கரைல இருக்கு, அந்த சாமி கதைய அந்த மண்ணை விட்டுப் பிரிச்சு சொல்ல முடியாது, எந்த மரத்தடில வந்து உட்கார்ந்துச்சு, எந்தக் கல்லுல கால் பதிஞ்சுதுன்னு இடத்தோட தான் கதை. சில விஷயம் பங்காளிங்களுக்கு மட்டும் தான் தெரியும், வெளியாள் கிட்ட சொல்ல மாட்டாங்க. இதுவும் அப்படின்னு சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லல, உள்ள போறதுக்கு ஒரு வாசல், அவ்ளோ தான். அவங்களோட கதைங்கள்ல சட்டம், உறவுமுறை, யார் எந்த நிலத்தப் பாத்துக்கணும், எந்த மிருகத்த யார் சாப்பிடக் கூடாதுங்கறது எல்லாம் இருக்கு, அது முடிஞ்சு போன காலமும் இல்ல.

கதைன்னு சொன்னா பசங்க பொய்னு நினைச்சுக்குவாங்களோன்னு ஒரு அப்பா கேட்டார். அவங்களுக்கு வானத்து ஈமுவக் காட்டுங்க. ஏப்ரல், மே மாசம் ஊர் வெளிச்சம் இல்லாத இடத்துக்குப் போகணும், நாங்க கூனாபராபரன் பக்கம் போனோம். சதர்ன் கிராஸ் பக்கத்துல ஒரு கறுப்புத் திட்டு தெரியும், அது தலை, அங்க இருந்து பால்வெளி நடுவுல இருட்டாவே கழுத்து, உடம்பு, காலு. நம்ம ஊர்ல நட்சத்திரத்த இணைச்சு உருவம் பாக்கறோம், இவங்க நட்சத்திரம் இல்லாத இருட்டுல பாக்கறாங்க. கமிலராய் மக்களுக்கு அது காலண்டர். ஈமு ஓடற மாதிரி தெரிஞ்சா பறவைங்க ஜோடி சேர்ற காலம், ஜூன், ஜூலைல உட்கார்ந்த மாதிரி தெரிஞ்சா முட்டை எடுக்கற காலம். என் பையன் ரொம்ப நேரம் எதுவும் தெரியலன்னு அழுதான், கண்ணு பழகினதும் "அம்மா அது ஓடுது"ன்னான்.

பெர்த்ல இருக்கறவங்க நூங்கார் மக்களோட ஆறு பருவத்த சொல்லித் தரலாம், பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங். நமக்கும் கார், கூதிர்னு ஆறு தானே.

அவங்க நம்ம தமிழங்க தானாமே? குமரிக்கண்டத்துல இருந்து போனவங்கன்னு வாட்ஸப்ல வருதே?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்ல. பெருமையா கேக்கறாங்க, புரியுது, ஆனா பசங்களுக்கு இதை சொல்லித் தராதீங்க.

குமரிக்கண்டத்தோட சேர்த்துச் சொல்ற லெமூரியாங்கறது 1864-ல ஒரு இங்கிலீஷ் விலங்கியல்காரர் லெமூர்ங்கற மிருகத்தோட எலும்பு மடகாஸ்கர்லயும் இந்தியாவுலயும் எப்படி கிடைக்குதுன்னு விளக்க யோசிச்சது. கண்டம் நகருதுன்னு தெரிஞ்சதும் அது தேவையில்லாமப் போயிடுச்சு. டிஎன்ஏ பத்தி 2013-ல ஒரு ஆய்வு நாலாயிரம் வருஷத்துக்கு முன்ன இந்தியால இருந்து ஆளுங்க போயிருக்கலாம்னு சொன்னது, அதத் தான் எல்லாரும் ஃபார்வர்ட் பண்றாங்க. 2016-ல வந்த ஆய்வுல அதுக்கு ஆதாரம் இல்லன்னு வந்ததை யாரும் பண்றதில்ல. அபாரிஜினல் மக்கள் இங்க குறைஞ்சது 50,000 வருஷமா இருக்காங்க, வடக்குல மட்ஜெட்பெபேங்கற பாறைக் குகைல 65,000 வருஷத்துக்குக் கணக்கு சொல்றாங்க. தமிழ்ங்கற மொழி பிறக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி. அப்படி இருக்க அவங்க நம்மளோட கிளைன்னு சொல்றது, நிலத்த ஒருத்தன் எடுத்தான், வரலாற நாம எடுத்துக்கறோம்ங்கற மாதிரி ஆயிடும். இது எனக்கு உண்மையாவே வலிக்குது.

உறவு கொண்டாடணும்னா பொய் வேண்டாம், ரசிக்க உண்மையே நிறைய இருக்கு. வளரியும் பூமராங்கும். வளைஞ்ச கட்டைய எறிஞ்சு வேட்டையாடறத ரெண்டு மக்களும் தனித்தனியா கண்டுபிடிச்சிருக்காங்க, அது தானே பெரிய ஆச்சரியம். அப்புறம் உச்சரிப்பு. வார்ல்பிரி மாதிரி நிறைய மொழில நாக்க மடிக்கற ட, ண, ள இருக்கு, கிட்டத்தட்ட நம்ம ழ கூட இருக்கு. க-வ இங்கிலீஷ் k மாதிரி சொன்னாலும் g மாதிரி சொன்னாலும் தனித்தனி எழுத்து தேவையில்லாத மொழிங்க, நம்மள மாதிரியே. அதனால தான் சிட்னி நகரப் பக்கத்து மக்களோட ஒரே பேரை இங்கிலீஷ்ல Cadigal-னும் Gadigal-னும், ஒருத்தன் சி போட்டு, ஒருத்தன் ஜி போட்டு எழுதி வெச்சிருக்கான். இத தமிழ் எழுதத் தெரிஞ்ச என் பொண்ணு ஒரு நிமிஷத்துல புடிச்சுக்கிட்டா.

குழந்தைங்கள பிடுங்கிட்டுப் போனதை எப்படி சொல்றது? பயந்துடுவாங்களே?

பயப்படுவாங்க. ஆனா ஸ்கூல்ல மே 26 சாரி டே (இதுக்காக வருத்தம் தெரிவிக்கற நாள்) அன்னிக்கு எப்படியும் தெரிய வரும், முதல்ல நம்ம மடில உட்கார்ந்து கேக்கட்டும்.

சின்னப் பசங்களுக்கு நான் சொன்னது இவ்ளோ தான்: "அரசாங்கம் ஒரு கெட்ட சட்டம் போட்டுச்சு. அபாரிஜினல் குழந்தைங்கள அம்மா அப்பா கிட்ட இருந்து கூட்டிட்டுப் போய் வேற இடத்துல வளர்த்தாங்க. அம்மா அப்பா எந்தத் தப்பும் பண்ணல. இப்ப அந்த சட்டம் இல்ல. உன்னை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க." கடைசி வரிய மறக்காம சொல்லுங்க, ராத்திரி படுக்கும்போது இன்னொரு தடவை சொல்லுங்க. என் பொண்ணு "அந்தக் குழந்தைக்கு அம்மா பேர் ஞாபகம் இருந்துச்சா"ன்னு கேட்டா. சிலருக்கு இருந்துச்சு, சிலருக்கு இல்ல, சிலர் பெரியவங்க ஆனதும் தேடிக் கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னேன். அதுக்கு மேல நான் பேசல, அவளும் பேசல, கைய மட்டும் விடல.

பத்து வயசுக்கு மேலன்னா இடம் சொல்லிச் சொல்லுங்க. பிளாக்டவுனுக்கு ஏன் அந்தப் பேர்? கவர்னர் மக்குவாரி 1814 கடைசில பரமட்டால அபாரிஜினல் குழந்தைங்களுக்குன்னு ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சார், சேர்த்துட்டா வளர்ற வரைக்கும் அப்பா அம்மா திருப்பிக் கூட்டிட்டுப் போக முடியாது. 1823-ல அத இந்தப் பக்கம் மாத்தினாங்க, அந்த இடத்தச் சுத்தி வந்த பேர் தான் பிளாக் டவுன். அங்க படிச்ச மரியான்னு ஒரு பொண்ணு, தருக் தலைவர் யாரமுண்டியோட மக. 1819 பரீட்சைல கிட்டத்தட்ட நூறு வெள்ளைக்காரப் பசங்களத் தாண்டி முதல் பரிசு வாங்கின பொண்ணு அவங்க தான்னு சொல்றாங்க. பின்னால தன் அண்ணனோட நிலத்தக் கேட்டு கவர்னருக்கே மனு எழுதினாங்க, 1843-ல வாங்கிட்டாங்க. அவங்க வம்சம் இன்னிக்கும் வெஸ்டர்ன் சிட்னில இருக்கு. அந்த ஸ்கூல் இருந்த நிலத்த 2018-ல தருக் மக்கள் கிட்டயே திருப்பிக் குடுத்தாச்சு.

அதுக்கப்புறம் 1910-ல இருந்து 1970 வரைக்கும் இது நாடு முழுக்க நடந்துச்சு. கெம்ப்சி பக்கம் கின்சேலா ஹோம்ல பையன்கள பேர் சொல்லாம நம்பர் சொல்லிக் கூப்பிட்டாங்க. 1997-ல வந்த விசாரணை அறிக்கை, அந்தக் காலத்துல பத்துல ஒரு குழந்தைல இருந்து மூணுல ஒரு குழந்தை வரைக்கும் எடுத்திருக்காங்கன்னு சொன்னது. 2008 பிப்ரவரி 13-ல பிரதமர் கெவின் ரட் பார்லிமென்ட்ல மன்னிப்பு கேட்டார், அந்த வீடியோவ உட்கார்ந்து சேர்ந்து பாருங்க, அவர் பேச்ச விட அங்க கேலரில உட்கார்ந்து கேட்டவங்க முகத்தப் பாக்கச் சொல்லுங்க.

ஜனவரி 26 நாங்க சிட்டிசன்ஷிப் வாங்கின நாள். கொண்டாடலாமா கூடாதா?

நாங்களும் அன்னிக்குத் தான் வாங்கினோம், ஃபோட்டோ ஹால்ல தான் மாட்டியிருக்கு, கழட்டல. ஆனா அந்த நாள் 1788-ல கொடி நட்ட நாள், 1938-லயே அபாரிஜினல் தலைவருங்க சிட்னில கூடி இது எங்களுக்குத் துக்க நாள்னு அறிவிச்சாங்கன்னு பசங்களுக்குத் தெரியும். நம்ம ஊர்ல அதே தேதி குடியரசு தினம், பிரிட்டிஷ் ராஜாவோட ஆட்சிய விட்டு வெளிய வந்த நாள். இங்க அது உள்ள வந்த நாள். பார்பிக்யூ போடாம அன்னிக்கு அபாரிஜினல் மக்கள் நடத்தற யபூன் விழாவுக்குப் போறோம், சிட்னில வருஷா வருஷம் நடக்குது, பாட்டு, டான்ஸ், பேச்சு எல்லாம் இருக்கும், யார் வேணா போலாம்.

நம்ம தாத்தா யாரும் நிலத்த பிடுங்கலையே, நாம ஏன் குற்ற உணர்ச்சி படணும்?

படணும்னு யாரும் கேக்கல. தெரிஞ்சுக்கோங்கன்னு தான் கேக்கறாங்க. 1902-ல இந்த நாட்டுல போட்ட ஓட்டுரிமைச் சட்டத்துல ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா பூர்வகுடி யாருக்கும் ஓட்டு இல்லன்னு ஒரே வரில எழுதியிருந்துச்சு. அவங்களையும் நம்மளையும் ஒரே வரில தான் தள்ளி வெச்சான். அவங்க எல்லாருக்கும் அந்த ஓட்டு வர 1962 ஆச்சு, நம்மள மாதிரி ஆளுங்க குடியேற முடிஞ்சது 1973-ல வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கை முழுசா போனப்புறம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா இதக் கேட்டுட்டு, "காணி போனதும் மொழிய விடச் சொன்னதும் எங்களுக்கு விளங்காத கதையோ"ன்னாங்க.

சொந்தக்காரங்க "அவங்க எல்லாம் குடிச்சிட்டு அரசாங்கக் காசுல இருக்கறவங்க"ன்னு பசங்க முன்னாடி பேசறாங்க?

பசங்க முன்னாடியே மறுத்துப் பேசுங்க, தனியாக் கூப்பிட்டு சொன்னா பசங்களுக்கு அந்த மறுப்பு தெரியாது. குடியே தொடாதவங்க விகிதம் மத்த ஆஸ்திரேலியருங்கள விட அபாரிஜினல் மக்கள் கிட்ட அதிகம்னு சர்வேக்கள்ல வந்திருக்கு. காசு பத்தி பேசினா, வேலை வாங்கிட்டு கூலிய அரசாங்கமே பிடிச்சு வெச்சுக்கிட்ட காலம் இருந்துச்சுன்னு சொல்லுங்க. 1966-ல வடக்குல இருக்கற குரிண்ட்ஜி மக்கள் வின்சென்ட் லிங்கியாரி தலைமைல மாட்டுப் பண்ணைய விட்டு நடந்து வெளிய வந்தது கூலிக்கும் நிலத்துக்கும் தான். 1975-ல பிரதமர் விட்லம் ஒரு கை மண்ணை அள்ளி அவர் உள்ளங்கைல கொட்டினார், அந்த ஃபோட்டோவ மாமா கிட்ட காட்டச் சொல்லி என் பொண்ணு கிட்ட குடுத்தேன்.

ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு டாட் பெயின்டிங் பண்ணலாமா?

வேண்டாம். அந்தப் புள்ளி ஓவியம் நடுப் பாலைவனத்து மக்களோடது, 1971-ல பாபுன்யாங்கற ஊர்ல இருந்து பேர் வாங்கினது, ஒவ்வொரு டிசைனும் ஒருத்தரோட நிலம், கதை. டிஜிரிடூங்கற ஊதற வாத்தியமும் வடக்கோடது தான், சிட்னியோடது இல்ல. கொடி பத்தி எழுதலாம், 1971-ல ஹரால்ட் தாமஸ் வரைஞ்சது, கறுப்பு மக்கள், சிவப்பு மண், மஞ்சள் சூரியன்.

எங்க கூட்டிட்டுப் போகலாம்?

கிளென்புரூக் ரெட் ஹேண்ட்ஸ் கேவ். மழை பெஞ்சா ரோடு மூடிடுவாங்க, பாத்துட்டுப் போங்க. பாறையில கைய வெச்சு, வாயில காவி மண்ணும் தண்ணியும் கலந்து ஊதி எடுத்த கை அச்சு, சிவப்பு, வெள்ளைன்னு ஒண்ணு மேல ஒண்ணா நிறைய. தடுப்பு போட்டிருக்காங்க, தொட முடியாது. என் பையன் தடுப்புக்கு வெளிய நின்னு தன் கைய விரிச்சு ஒவ்வொண்ணா அளந்து பாத்துட்டு ஒரு கை கிட்ட நின்னு "இது நானு"ன்னான். குரிங்காய் பக்கம் பாறைல செதுக்கின மீன், திமிங்கலம் இருக்கு, காலைல இல்ல சாயங்காலம் சாய்ஞ்ச வெயில்ல தான் கோடு தெரியும், மேல மிதிக்க விடாதீங்க.

எங்களுக்கு அபாரிஜினல் யாரையுமே தெரியாதே?

ஜூலைல அபாரிஜினல், டோரஸ் ஸ்ட்ரெய்ட் மக்களோட கலாச்சாரத்தக் கொண்டாடற நெய்டாக் வாரம் வரும், உங்க கவுன்சில் பார்க்லயே ஏதாவது நடக்கும், போங்க. பெரியவங்கள ஆன்ட்டி, அங்கிள்னு தான் கூப்பிடணும், நம்ம பசங்களுக்கு இது தனியா சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்ல. போன வருஷம் ஒரு ஆன்ட்டி கூடை பின்னிட்டு இருந்தாங்க, என் பசங்க பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க, வீட்டுல என்ன மொழி பேசுவீங்கன்னு கேட்டாங்க, தண்ணிக்கு என்ன சொல்வீங்கன்னு கேட்டாங்க. "தண்ணி"ன்னு என் பொண்ணு சொன்னா. அவங்க ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டு, எங்க மொழில "படு"ன்னு சொல்லித் தந்தாங்க. அவங்க பாட்டிக்கு அந்த மொழி பேச அனுமதி இல்லையாம், இவங்க அம்பது வயசுக்கு மேல கிளாஸுக்குப் போய் கத்துக்கிட்டாங்களாம்.

அன்னில இருந்து என் பையனுக்குத் தாகம் எடுத்தா "அம்மா படு குடு" தான். வீடியோ கால்ல அப்பத்தா கேட்டுட்டு "ஏன்டா பட்டப்பகல்ல படுக்கப் போற"ன்னாங்க. "படுன்னா தண்ணி அப்பத்தா, இந்த ஊர்ல தண்ணிக்கு முதல்ல அது தான் பேரு"ன்னு அவனே சொன்னான்.